வாயில் வராத பேர்

அமெரிக்கக் கொடியில் ஏன் பதின்மூன்று கோடு என்று கேட்டால் சொல்லிவிடுவேன், ஆரம்பத்தில் இருந்த குடியேற்றங்கள் பதின்மூன்று என்பதால். நட்சத்திரம் ஏன் ஐம்பது, மாநிலத்துக்கு ஒன்று என்பதால். ஜனாதிபதி இறந்துபோனால் யார், துணை ஜனாதிபதி. அவரும் இறந்துபோனால் யார், சபாநாயகர். அடுத்தடுத்து ஆளைச் சாகடித்துக்கொண்டே போகிறார்களே, இந்தக் குடியுரிமைப் பரீட்சையில் நல்ல வார்த்தையே கிடையாதா என்று மகள் கெசியாவிடம் கேட்டதற்கு, "எம்மா, நீ பதில மட்டும் படி" என்றாள். படித்துவிட்டேன். சாயர்புரத்தில் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு வருஷா வருஷம் பரிசு வாங்கினவள் நான், எனக்கு இதெல்லாம் ஒரு பாடா. ஆனால் வசனம் படித்த வாய் என்பதால் எதைப் படித்தாலும் ராகத்தோடுதான் வருகிறது, காங்கிரஸின் இரண்டு பகுதிகள் எவை என்றால் செனட்டும் பிரதிநிதிகள் சபையும் என்று கடைசியில் ஓர் இழுப்பு இழுத்து ஆமென் போடாத குறையாக முடிக்கிறேன், கெசியா தலையில் அடித்துக்கொள்கிறாள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருக்கிறாள், எனக்குத்தான் பரீட்சை, முகம் வெளுத்திருப்பது அவளுக்கு. இந்தக் கூடத்தில் எல்லோரும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள்போல உடுத்தியிருக்கிறார்கள், எதிரே ஒருவர் டையை இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருக்கிறார், ஒரு பெண் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறாள், அவளும் ஜனாதிபதி செத்துப்போனால் யார் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பாள் பாவம். நல்ல வெளிச்சம், ஆனால் சுவரில் எங்கேயும் சுவிட்ச் கண்ணில் படவில்லை. அவர் இருந்திருந்தால் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் தேடியிருப்பார், மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர், எந்த வீட்டுக்குப் போனாலும் மெயின் எங்கே என்று பார்த்த பிறகுதான் காபியே குடிப்பார். இந்த ஊருக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே, "நம்ம ஊர்ல கீழ தட்டுனா எரியும், இங்க மேல தட்டுனால்ல எரியுது, தலகீழ் ஊரு ஏளா" என்றார், பழகிக்கொள்ளவே மாட்டேன் என்று ஒரு பிடிவாதம், ஒவ்வொரு முறையும் கீழே தட்டிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் மேலே தட்டுவார். என் விரலும் இன்னும் கீழேதான் போகிறது.

எல்லாம் சரி, அந்த ஒரு கேள்வி மட்டும் வராமல் இருக்க வேண்டும். போன வாரம் சாப்பாட்டு மேஜையில் கெசியா அதிகாரி மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷில் கேட்டாள், உங்கள் பெயர் என்ன, சொன்னேன், பிறந்த ஊர், சொன்னேன், உங்கள் கணவர் பெயர் என்ன, நானும் இங்கிலீஷிலேயே, கெசியாவின் அப்பா என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுபடி கேட்டாள், கெசியாவின் அப்பா. மூன்றாம் தடவை சிரிப்பு போய்விட்டது. "எம்மா, ஆபிசர் யாரு கெசியான்னு கேப்பான். அப்பா பேரு ஆபிரகாம். ஆ, பி, ர, கா, ம். அஞ்சு எழுத்து. சொல்லு." எனக்குத் தெரியாதா அது எத்தனை எழுத்து என்று. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. "அப்பா போயி ரெண்டு வருஷம் ஆச்சும்மா, இன்னும் என்னம்மா" என்று எழுந்து போய்விட்டாள், உள்ளே குழாயைத் திறந்துவிட்டு நிற்கிற சத்தம் கேட்டது, பாத்திரம் கழுவுகிற சத்தமாக இல்லை. அவள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது, அவளுடைய சிநேகிதி ஒருத்தியின் அம்மாவிடம் இறந்துபோன புருஷன் பேரையும் கல்யாணத் தேதியையும் கேட்டார்களாம், தடுமாறினால் ஏன் தடுமாறுகிறாய் என்று தோண்டுவார்களாம். போதாக்குறைக்கு வாசிக்கச் சொல்கிற வாக்கியங்களில் அந்த லிங்கன் வருகிறார், தாடி வைத்த ஜனாதிபதி, அடிமைகளை விடுதலை செய்தவர், நல்ல மனுஷன், நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவருக்கு வைக்க வேறு பேரா கிடைக்கவில்லை அவருடைய அப்பனுக்கு. யார் அந்த லிங்கன் என்று வாக்கியம், நான் முன்பாதியை விழுங்கிவிட்டு லிங்கனை மட்டும் சத்தமாக வாசிப்பேன், கெசியா விரலை வைத்துக் காட்டுவாள், இந்த வார்த்தை எங்கே, இந்த வார்த்தை எங்கே என்று. வயிற்றுக்குள் இருக்கிறதடி.

அதெல்லாம் மூடநம்பிக்கை என்று எனக்குத் தெரியாதா. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் அம்மா சொன்னாள், அவளுக்கு அவள் அம்மா, இதற்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது என்று எங்கள் சபை ஐயர், பாதிரியாரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், பிரசங்கத்திலேயே சொன்னார், சொல்லிவிட்டு இறங்கினார், வாசலில் ஐயரம்மாவிடம், ஐயரம்மா இன்றைக்கு நல்ல பிரசங்கம் என்றோம், ஆமாம், ஐயர் ராத்திரி முழுக்கத் தயார் பண்ணினாங்க என்றார், தாலி கட்டின புருஷனையே ஐயர் என்றுதான் அந்த அம்மாள் சொல்லுவார், ஊருக்குத்தான் உபதேசம். நான் என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டேன். முதல் ஒரு வருஷம் கூப்பிடவே இல்லை, வளையலைக் குலுக்குவேன், டம்ளரைக் கொஞ்சம் ஓங்கி வைப்பேன், இருமுவேன், உனக்கு ஆஸ்துமாவா என்று ஒருநாள் கேட்டார். பிறகு இந்தாங்க. கெசியா பிறந்த பிறகு கெசியா அப்பா, அதிலே எவ்வளவு நிம்மதி, பிள்ளை பெற்றதே இதற்காகத்தான் என்பதுபோல. குடும்ப ஜெபத்தில் நான்தான் வேதம் வாசிப்பேன், அந்தப் பேர் அதில் எத்தனை இடத்தில் வரும் என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், வருகிற இடத்திலெல்லாம் "முற்பிதா" என்று வாசித்துவிட்டுப் போவேன், அவர் கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பார், உதடு கோணும். "ஆண்டவரோட வார்த்தையவே மாத்துத, நீ பெரிய ஆளு ஏளா" என்பார் ஆமென் சொன்ன பிறகு. சரி, அன்றைக்கு ஆயுசு குறையும் என்று பயந்தாய், இப்போது யாருடைய ஆயுசு குறையப் போகிறது, சொல்லேன் சொர்ணபாய், யாரும் கேட்கவில்லை, இந்தக் கூடத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது, மனசுக்குள்ளாவது சொல். ஆ. ஆ என்றால் போதுமா. மனசிலும் நிற்கிறது. இதுதான் எனக்கே விளங்காதது. சொல்லலாம் என்றால், இனிமேல் குறைவதற்கு ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம். சொல்லாமல் இருக்கிற வரைக்கும் எதையோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று இந்தக் கிறுக்கு நாக்கு நினைக்கிறது.

காப்பாற்ற வேண்டியது வேறு இருக்கிறது, அதைச் சொல் நாக்குக்கு. பாளையங்கோட்டையில் தங்கச்சி ரத்தினம் ஒற்றைக் கையோடு இருக்கிறாள், வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், வேலைக்கு வருகிற பெண் மத்தியானத்தோடு போய்விடும், சாயங்காலம் ஒரு வாய் காபிக்கு அடுத்த வீட்டுக் கதவைப் பார்க்க வேண்டும். போய்க் கூட இருக்கலாம் என்றால் ஒரு மாதம் இரண்டு மாதத்தில் தீருகிற காரியமா. கிரீன் கார்டை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் வெளியே இருந்தால் கார்டு கையை விட்டுப் போய்விடும், திரும்பி வர முடியாது. வராவிட்டால் என்ன என்று கேட்கலாம். இங்கே அவர் இருக்கிறார். ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம், பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே போதும் என்று அவரே சொல்லியிருந்தார், கெசியா கல்லறைக்கு இரட்டை இடமாக வாங்கிவிட்டாள், புல்வெளியில் ஒரு மேப்பிள் மரத்தை ஒட்டி. இந்த ஊரில் கல்லிலே இரண்டு பேர் பேரையும் சேர்த்தே வெட்டிவிடுகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது திடுக்கென்றது, அவர் பேர், பக்கத்திலே என் பேர், பிறந்த வருஷம், ஒரு கோடு, அப்புறம் வெறும் கல். உயிரோடு இருக்கிற பொம்பளையின் பேரைக் கல்லறையில் வெட்டுவார்களா என்று கெசியாவைத் திட்டித் தீர்த்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போனால் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் கையை வைத்துக்கொண்டு உட்காருகிறேன், ரயிலில் சீட்டுப் போட்டு வைத்திருக்கிற மாதிரி ஒரு தைரியம். சிட்டிசன் ஆகிவிட்டால் இரண்டும் கிடைக்கும், ரத்தினத்தோடு எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், என் நேரம் வரும்போது இங்கே வந்துவிடலாம். ஆகாவிட்டால் தங்கச்சியா அவரா என்று நான் ஒரு பக்கம் சாய வேண்டும். "ஏக்கா, நீ வெள்ளக்காரி ஆயிட்டேன்னா சொந்த ஊருக்கு விசா எடுத்துல்லா வரணும்?" என்று ரத்தினம் போனில் கேட்டாள், வாதத்துக்குப் பிறகு வார்த்தை கொஞ்சம் குழறுகிறது, ஆனால் நக்கல் மட்டும் குழறவில்லை. ஆமாட்டி, நம்ம ஊருக்கு வரணும்ன்னா முதல்ல அந்நியக்காரியா ஆகணுமாம் என்றேன். "அங்க என்னெல்லாம் கேப்பாவ?" எல்லாம் சொன்னேன், நீ எப்போதாவது குடிகாரியாக இருந்ததுண்டா என்றுகூடக் கேட்பார்களாம், தேசத்துக்காக ஆயுதம் எடுப்பாயா என்பார்களாம். "அரிவாமணைய எடுப்பேன்னு சொல்லுக்கா." பிறகு அந்தப் பேரைச் சொன்னேன், அதாவது சொல்லவில்லை, அந்தப் பேரைக் கேட்பார்கள் என்று சொன்னேன். அவளுக்குத் தெரியும். "அத்தானுக்கு அதுல ஒரு ஆச உண்டுல்லாக்கா" என்றாள் மெல்ல.

உண்டு. அந்தப் பேரை நான் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். எங்கள் வேதக்கோயிலில், கல்யாணத்தன்று. ஐயர் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை சொல்வார், பிறகு பெண் சொல்ல வேண்டும், சொர்ணபாய் என்னும் நான் என்று ஆரம்பித்து அடுத்து அவர் பேர் வரும், அதைச் சொல்லாமல் சட்டப்படி கல்யாணமே கிடையாது. அம்மா முந்தின நாளே ஐயரிடம் போய், பிள்ளை அந்த இடத்தில் மனசுக்குள் சொல்லிக்கொள்ளட்டுமா என்று கேட்டுப் பார்த்தாள், ஐயர் மறுத்துவிட்டார். கோயில் நிறைய ஜனம், மல்லிகை வாசம், முக்காட்டு வலைக்குள் எனக்கு மூச்சு சூடாக இருந்தது. சொன்னேன், எனக்கே கேட்கவில்லை. "இன்னும் சத்தமா, ஜனங்களுக்குக் கேக்கணும்" என்றார் ஐயர். பின்னால் யாரோ சிரித்தார்கள். எங்கிருந்து வந்ததோ, கோபம்தான் வந்தது, தொண்டையைத் திறந்து சொன்னேன், கோயில் சுவரில் போய் மோதித் திரும்பி வந்தது அந்தப் பேர். பக்கத்தில் நின்றவர், ஐயரையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியவர், சடக்கென்று திரும்பி என்னைப் பார்த்தார், கூப்பிட்டதுபோல. முதல் தடவை அவர் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் கேட்டிருப்பார், "அன்னைக்குக் கோயில்ல ஒரு தடவ கூப்பிட்ட பாரு, இன்னும் காதுல நிக்கு. இன்னொரு தடவ கூப்புடேன்." போங்க என்பேன். மாட்டேன் என்பேன். பிடித்துத்தான் இருந்தது, அவர் கேட்பதும் நான் மறுப்பதும். கடைசியில் ஆஸ்பத்திரியிலும் கேட்டார். இருதயம் சோர்ந்துபோய்ப் படுத்திருந்தார், அங்கே நர்ஸ் பெண்கள் வேளைக்கு வேளை வந்து ஏப்ரஹாம், ஏப்ரஹாம் என்று தோளைத் தட்டிக் கூப்பிடுவார்கள், பேத்தி வயதுப் பெண்கள். "பாத்தியா, இவுகள்லாம் எம் பேரச் சொல்லுதாவ, நீ மட்டும் சொல்ல மாட்ட." வீட்டுக்கு வாங்க, சொல்லுதேன் என்றேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன், அவர் படியேறி வந்திருந்தால் வாசலிலேயே சொல்லியிருப்பேன். அந்தக் கட்டிலருகே சொல்லி, பிறகு அவர் போயிருந்தால், சொன்னதால்தான் போனார் என்று நான் சாகும்வரை நினைத்திருப்பேன், ஆகையால் அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். அந்த நர்ஸ்கள் சொன்னதை வைத்து நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன், கெசியாவுக்குக்கூடத் தெரியாது. ஏப்ரஹாம் என்றால் அது அவர் இல்லை, அது யாரோ வெள்ளைக்காரன், தாடி வைத்த ஜனாதிபதி, அதை இங்கிலீஷ் வார்த்தையாக நினைத்து, மேஜை நாற்காலி என்பதுபோலச் சொல்லிவிட்டால் அதிகாரிக்கும் போதும், நாக்குக்கும் பங்கமில்லை.

கதவு திறந்தது. நரைத்த தலையும் கம்பளிச் சட்டையுமாக ஒருவர் கையில் கோப்போடு நின்று, "ஏப்ரஹாம்?" என்றார் கூடத்தைப் பார்த்து. நான் இடது பக்கம் திரும்பினேன், அவர் எழுந்திருக்கட்டும் என்று. அப்படித்தான் பழக்கம், டாக்டரிடமானாலும் பேங்கிலானாலும் அவர் எழுந்து முன்னால் போவார், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். "எம்மா, உன்னத்தான்" என்று கெசியா முழங்கையைத் தொட்டாள். பாஸ்போர்ட்டில் என் பேருக்குப் பின்னால் இருப்பது அவர் பேர் அல்லவா, இந்த தேசத்தில் நான்தான் அது. எழுந்தேன். பையை எடுத்துக்கொண்டேன். நடைவழி நீளமாக இருந்தது, அதிகாரி கதவைப் பிடித்துக்கொண்டு, மழை வரும்போல இருக்கிறது என்றார், ஆமாம் என்றேன், அதற்கு மார்க் உண்டா தெரியவில்லை. சின்ன அறை, ஒரு மேஜை, இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. உட்காருவதற்கு முன் வலது கையை உயர்த்தச் சொன்னார், சொல்வதெல்லாம் உண்மை என்று வாக்குக் கொடுத்தேன், அன்றைக்குக் கோயிலில் பூச்செண்டு பிடித்திருந்த கை. பாஸ்போர்ட்டைப் பார்த்து என் முழுப்பேரை அவரே வாசித்து, இதுதானே என்றார், ஆமாம் என்ற ஒரு வார்த்தையில் தப்பினேன். கோடு ஏன் அத்தனை, சொன்னேன். சபாநாயகர், சொன்னேன், இழுத்துவிட்டேன், அவர் லேசாகச் சிரித்தார். வாசிக்க வந்தது தாடிக்காரர் வாக்கியமா என்று எட்டிப் பார்த்தேன், வந்தது வாஷிங்டன், ஐயா நீர் நன்றாயிருப்பீர். எழுதச் சொன்னதையும் எழுதினேன். பரீட்சையில் தேறிவிட்டீர்கள், இனி விண்ணப்பத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்றார். முகவரி, சரி. குடிகாரியா, இல்லை. ஆயுதம் எடுப்பீர்களா, எடுப்பேன், ரத்தினத்தை நினைத்துக்கொண்டேன். விதவை என்று இருக்கிறது, வருந்துகிறேன் என்றார். நன்றி என்றேன். தலையை நிமிர்த்தாமலே கேட்டார், உங்கள் கணவர் பெயர் என்ன.

மேஜை நாற்காலி என்பதுபோல, சொர்ணபாய். ஏப்ரஹாம் என்றேன். காற்றுதான் வந்திருக்கும், அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து, மன்னிக்க வேண்டும், கொஞ்சம் சத்தமாகச் சொல்ல முடியுமா என்றார். பின்னால் யாரும் சிரிக்கவில்லை. மல்லிகை வாசமும் இல்லை. கையை உயர்த்தி உண்மை சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, யாரோ வெள்ளைக்காரனைப் புருஷன் என்று சொல்வதா. வீட்டுக்கு வாங்க, சொல்லுதேன் என்றது யாரிடம். நாக்கு மேலிருந்து தானாக இறங்கியது. "ஆபிரகாம்" என்றேன். அந்தச் சின்ன அறைக்கு அது ரொம்பச் சத்தம், கோயிலுக்குச் சரியாக இருந்திருக்கும். அதிகாரி தலையாட்டிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கோப்பைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் பொறுத்தேன். பிறகு பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அதில் என் பை இருந்தது.